மைக்ரோ ஆர்.என்.ஏ யார் பக்கம்? மூளைக் கட்டி ஆய்வு சொல்லும் சிக்கலான கதை

2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையிலிருந்து தொடங்கலாம். உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஹீலா செல்கள் 1951-இல் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. மூளைக்கும் அவற்றுக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. அந்தச் செல்களுக்குள் மிர்-124 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ-வை, அதாவது மரபணுக்களின் வேலையைக் குறைக்கும் ஒரு சிறு இழையை, செலுத்திப் பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ-வின் அளவு குறைந்தது. குறைந்தவை எவை என்று பார்த்தால், மூளையில் இயல்பாகவே அடங்கிக் கிடக்கும் மரபணுக்கள் அவற்றில் மிகுதி. தசைக்கு உரிய மிர்-1-ஐச் செலுத்தியபோது, தசையில் அடங்கிக் கிடக்கும் மரபணுக்கள் குறைந்தன. புற்றுச் செல் நரம்பணுவாக மாறிவிடவில்லை. ஆனால் அதன் சாயல் அந்தப் பக்கம் நகர்ந்தது.

மூளைக் கட்டிகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ-வின் வேலையைப் புரிந்துகொள்ள இந்தச் சோதனை நல்ல நுழைவாயில். முதிர்ந்த மூளைச் செல், "நான் முதிர்ந்துவிட்டேன், இனிப் பிரிந்து பெருகத் தேவையில்லை" என்ற நிலையில் நிற்பதற்கு மிர்-124 போன்ற சில மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் காவல் காக்கின்றன. மூளைக் கட்டியில் பெரும்பாலும் முதலில் காணாமல் போவது இந்தக் காவல்தான்.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மரபணுவில் உள்ள செய்தி தூது ஆர்.என்.ஏ-வாகப் படியெடுக்கப்பட்டு, அதிலிருந்து புரதம் உருவாகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ இந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்து வேலை செய்கிறது. அது சுமார் 22 எழுத்து நீளமுள்ள சிறிய இழை. முதலில் நீளமாக, கொண்டை ஊசி வடிவில் மடிந்து உருவாகும். செல்லின் உட்கருவில் ட்ரோஷா என்ற நொதி அதை ஒரு முறை நறுக்கும். வெளியே வந்ததும் டைசர் என்ற இன்னொரு நொதி மறுபடி நறுக்கும். கிடைக்கும் சிறு துண்டை ஆர்கோநாட் என்ற புரதம் ஏந்திக்கொண்டு, பொருத்தமான தூது ஆர்.என்.ஏ-வைத் தேடிப் போகும். இழையின் இரண்டாம் எழுத்திலிருந்து எட்டாம் எழுத்து வரையுள்ள பகுதி பொருந்தினாலே பெரும்பாலும் போதும், பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட செய்தியிலிருந்து புரதம் உருவாவது குறையும், செய்தியே சிதைந்தும் போகலாம்.

ஏழெட்டு எழுத்துப் பொருத்தம் போதும் என்பதால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொட முடிகிறது. மனித மரபணுத் தொகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் இருக்கின்றன. அமெரிக்க விஞ்ஞானிகளான விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ருவ்குனும் மைக்ரோ ஆர்.என்.ஏ-வை முதலில் கண்டது 1993-இல், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவில். ஏதோ புழுவின் விநோதம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2000-இல் ருவ்குன் குழு லெட்-7 என்ற இன்னொன்றைக் கண்டுபிடித்தது. அது மனிதன் உட்படப் பல விலங்குகளிலும் இருப்பது தெரிந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2024-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு விஷயத்தை இங்கேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் செய்தித் தலைப்புகள் இதைத்தான் விழுங்கிவிடுகின்றன. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ தன் இலக்குப் புரதம் ஒவ்வொன்றையும் குறைப்பது பெரும்பாலும் பாதி அளவுக்குக்கூட இருக்காது. 2008-இல் ஆயிரக்கணக்கான புரதங்களை அளந்து பார்த்த இரண்டு ஆய்வுகள் இதைக் காட்டின. ஓடும் குழாயை மூடுவதல்ல, கொஞ்சம் திருகிக் குறைப்பதுதான் அதன் இயல்பு. ஆனால் ஒரே பாதையில் உள்ள பத்துக் குழாய்களை ஒரே சமயத்தில் கொஞ்சம் கொஞ்சம் திருகினால் விளைவு பெரிதாகிவிடும்.

இப்போது கட்டிக்கு வருவோம். மூளையிலேயே உருவாகும் புற்றுகளில் பெரியவர்களை அதிகம் தாக்குவதும் மிகக் கொடியதும் கிளையோபிளாஸ்டோமா. அறுவை சிகிச்சை, ரேடியேஷன், டெமோசோலமைடு மாத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்த இன்றைய சிகிச்சை முறைக்கு அடித்தளம் போட்டது 2005-இல் வெளியான, 573 பேர் பங்கேற்ற ஓர் ஆய்வு. ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 12.1 மாதம். மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். இந்த இரண்டரை மாதத்தைத்தான் பெரிய முன்னேற்றம் என்று மருத்துவ உலகம் கொண்டாடியது; கொண்டாட வேண்டிய நிலையில் இருந்தது. கட்டி ஓரிடத்தில் உருண்டையாக நிற்பதில்லை. அதன் செல்கள் நல்ல மூளைத் திசுவுக்குள் ஊடுருவிப் போய்விடுகின்றன. கத்தி எட்டாத இடத்தில் இருந்து அது திரும்ப வருகிறது.

அதே 2005-இல் இன்னும் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று, கிளையோபிளாஸ்டோமாவில் மிர்-21 மிக அதிகமாக இருப்பதையும், அதை முடக்கினால் கட்டிச் செல்கள் தாமாகவே சாகத் தொடங்குவதையும் காட்டியது. மற்றொன்று, மிர்-221 போன்றவை ஏறியிருப்பதையும், மிர்-128-உம் மிர்-181 குடும்பமும் இறங்கியிருப்பதையும் காட்டியது. இரண்டு பக்கங்கள் தெரிந்தன: கட்டியைத் தூண்டுபவை, கட்டியை அடக்குபவை. அடுத்த சில ஆண்டுகள் ஆய்வாளர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு பட்டியலையும் நிரப்புவதிலேயே இருந்தார்கள்.

அடக்குபவற்றில் மிர்-128 எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. நரம்பணுக்களில் அது ஏராளம். கிளையோபிளாஸ்டோமாவில் மிகக் குறைவு. 2008-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு, மிர்-128-ஐத் திரும்பச் செலுத்தினால் பிமி-1 என்ற புரதம் குறைவதைக் கண்டது. பிமி-1 ஸ்டெம் செல்கள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ள உதவும் புரதம். கிளையோபிளாஸ்டோமாவுக்குள் ஸ்டெம் செல் போல நடந்துகொள்ளும் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. சிகிச்சைக்குத் தப்பிப் பிழைத்துக் கட்டியை மீண்டும் எழுப்புவது அந்தக் கூட்டம்தான் என்று பலர் கருதுகிறார்கள். மிர்-128 அந்தக் கூட்டத்தின் புதுப்பிக்கும் திறனிலேயே கைவைக்கிறது.

அதே ஆண்டு கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் மிர்-124, மிர்-137 இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். கிளையோபிளாஸ்டோமா செல்களில் இவற்றைக் கூட்டியபோது, செல் பிரிவதற்குத் தேவையான சி.டி.கே-6 புரதம் குறைந்தது; செல்கள் பிரிவதை நிறுத்தின. கட்டியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் நரம்பணு போன்ற வடிவம் எடுக்கத் தொடங்கின. கொல்வதைவிட முதிரவைப்பது என்று இந்த வழியைச் சொல்லலாம். ரத்தப் புற்றில் ஒரு வகைக்கு இந்த உத்தி ஏற்கெனவே வெற்றி பெற்றிருக்கிறது என்பதால் மூளையிலும் அந்த ஆசை வந்ததில் வியப்பில்லை.

மிர்-7-இன் கதை வேறு. கிளையோபிளாஸ்டோமாக்களில் சுமார் 40 விழுக்காட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர் மரபணு பல மடங்காகப் பெருகியிருக்கும். வளர்ச்சிக் கட்டளையைச் செல்லுக்குள் கொண்டுவரும் புரதம் அது. நுரையீரல் புற்றில் ஈ.ஜி.எஃப்.ஆர்-ஐத் தடுக்கும் மருந்துகள் நன்றாக வேலை செய்தன. மூளைக் கட்டியில் ஏமாற்றின. ஒரு வாசலை அடைத்தால் கட்டி அதற்குக் கீழே வளர்ச்சிக் கட்டளையைக் கடத்தும் ஏ.கே.டி பாதையை வேறு வழியில் உயிரோடு வைத்துக்கொள்வது அதற்கு ஒரு காரணம். வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு 2008-இல் காட்டியது என்னவென்றால், மிர்-7 ஈ.ஜி.எஃப்.ஆர்-ஐயும் குறைக்கிறது, ஏ.கே.டி பாதையைத் தனியாகவும் அடக்குகிறது. இன்னொரு நுணுக்கமும் அதில் உண்டு. கட்டியில் மிர்-7-இன் மூல இழை உருவாகாமல் இல்லை. அதை நறுக்கி முடித்த வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலைதான் சரியாக நடப்பதில்லை. மரபணுவை மட்டும் சோதித்தால் இந்தக் குறை கண்ணில் படாது.

மிர்-34ஏ பற்றியும் ஒரு வார்த்தை. டி.என்.ஏ சேதமடைந்தால் செல்லை நிறுத்தும் பி-53 என்ற புகழ்பெற்ற காவல் புரதம், தன் வேலையில் ஒரு பகுதியை மிர்-34 குடும்பத்தின் வழியாகச் செய்கிறது என்று 2007-இல் பல குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கண்டன. பி-53 பழுதான மூளைக் கட்டிகளில் மிர்-34ஏ குறைந்திருந்தது. திரும்பக் கொடுத்தபோது சி-மெட், நாட்ச் ஆகிய வளர்ச்சிப் புரதங்கள் இறங்கின, எலிகளின் மூளையில் கட்டி சிறுத்தது. இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

இதுவரை படித்தால் கதை எளிதாகத் தோன்றும்: குறைந்ததைக் கூட்டு, கூடியதைக் குறை. மிர்-451 அந்த எளிமையைக் கெடுத்துவிடுகிறது.

2010-இல் அதே ஒஹையோ குழு மிர்-451-ஐ ஆராய்ந்தது. கட்டிச் செல்லுக்குக் குளுக்கோஸ் தாராளமாகக் கிடைக்கும்போது மிர்-451 அதிகமாக இருக்கிறது. அது சி.ஏ.பி-39 என்ற புரதத்தைக் குறைக்கிறது. சி.ஏ.பி-39 இல்லாவிட்டால் செல்லின் ஆற்றல் கணக்கைப் பார்க்கும் ஏ.எம்.பி.கே நொதி எழுவதில்லை. செல் கவலையின்றிப் பிரிந்து பெருகுகிறது. குளுக்கோஸ் குறைந்தால் மிர்-451-உம் குறைகிறது, ஏ.எம்.பி.கே விழித்துக்கொள்கிறது, செல் பிரிவதை நிறுத்திவிட்டு அந்த இடத்தை விட்டு நகரத் தொடங்குகிறது. அதாவது சாப்பாடு இருந்தால் பெருகு, இல்லாவிட்டால் கிளம்பு. மூளைக்குள் ஊடுருவும் கட்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது.

சரி, அப்படியானால் மிர்-451 கட்டியைத் தூண்டுவதா, அடக்குவதா? கூட்டினால் செல்கள் நகர்வது குறையும், பட்டினி நேரத்தில் செத்தும் போகும். ஆனால் சர்க்கரை நிறைந்த பகுதியில் பெருக்கத்துக்குத் துணை போகும். குறைத்தால் பெருக்கம் மட்டுப்படும். ஆனால் செல்கள் கலைந்து நல்ல திசுவுக்குள் போகும். ஒரே கட்டியின் மையத்திலும் விளிம்பிலும் பதில் வேறு வேறு. என் பார்வையில், இந்தத் துறை முழுவதற்கும் பொருந்தும் பாடம் இதில்தான் இருக்கிறது. "அடக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ" என்று ஒன்றைச் சொல்லும்போது, எந்தச் செல்லில், எந்தக் கட்டியில், எந்தச் சூழலில் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த வாக்கியம் பாதி உண்மைதான்.

இந்தியாவில் நடந்த இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலும் இது தெரியும். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் குமரவேல் சோமசுந்தரத்தின் குழு 2011-இல் கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளின் ஆயுளை முன்கணிக்கும் பத்து மைக்ரோ ஆர்.என்.ஏ-க்களின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதிகமாக இருந்தால் ஆபத்து என்று ஏழு. அதிகமாக இருந்தால் நல்லது என்று மூன்று. ஆபத்துப் பட்டியலில் மிர்-148ஏ இருக்கிறது. நவி மும்பையில் உள்ள டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் ஆய்வாளர்கள் குழந்தைகளுக்கு வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைக் கட்டியை ஆராய்ந்தார்கள். அதில் டபிள்யூ.என்.டி என்ற உள்வகை நன்றாகக் குணமாகக் கூடியது. அந்த வகையில் மிர்-148ஏ ஏறியிருந்தது. வேறு மெடுல்லோபிளாஸ்டோமா செல்களில் அதைச் செலுத்தியபோது ஊடுருவும் திறனும் கட்டியை உண்டாக்கும் திறனும் குறைந்தன. ஒரே மூலக்கூறு ஒரு மூளைக் கட்டியில் கெட்ட அறிகுறி, இன்னொன்றில் அடக்குவது. பெங்களூர் பட்டியலின் நல்ல மூன்றில் மிர்-17-உம் ஒன்று. ரத்தப் புற்று ஆய்வில் அது இருக்கும் தொகுப்புக்கு "முதல் புற்றுத் தூண்டி" என்றே பட்டப்பெயர் உண்டு!

இந்த இடத்தில் மிர்-10பி-யையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் விதிவிலக்காகத் தெளிவான ஒன்று அது. நல்ல மூளைத் திசுவில் அது ஏறத்தாழ இல்லவே இல்லை. கிளையோபிளாஸ்டோமாவில் நிறைய இருக்கிறது. அதைத் தடுத்தால் கட்டிச் செல்கள் தடுமாறுகின்றன, நல்ல செல்களுக்கு இழக்க ஒன்றுமில்லை. மருந்து இலக்காக யோசித்தால், அடக்குபவற்றைத் திரும்பக் கொடுப்பதைவிட இப்படிக் கட்டிக்கு மட்டும் உரியதை முடக்குவது பாதுகாப்பான பந்தயம் என்று எனக்குத் தோன்றுகிறது. மிர்-128-ஐ நினைத்துப் பாருங்கள். அதை இழந்த எலிகளுக்குக் கடுமையான வலிப்பு வந்து இறந்துபோகின்றன, கூட்டிக் கொடுத்தால் நரம்பணுக்களின் துடிப்பு மந்தமாகிறது என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. மூளையில் அதற்கு முழுநேர வேலை ஒன்று இருக்கிறது. கட்டிக்காகக் கொடுக்கும் மருந்து அந்த வேலையிலும் தலையிடும்.

அப்புறம், கொண்டு சேர்ப்பது என்ற பெரிய தலைவலி. வெறும் ஆர்.என்.ஏ-வை ரத்தத்தில் செலுத்தினால் நொதிகள் விரைவிலேயே சிதைத்துவிடும். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றும். கொழுப்புக் குமிழுக்குள் வைத்து அனுப்பினால் பெரும்பகுதி கல்லீரலில் போய்த் தங்கும். மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரோ செல்கள் இறுக்கமாகப் பின்னிய தடுப்பு. மின்னூட்டம் கொண்ட பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாது. கட்டியின் மையத்தில் அந்தத் தடுப்பு கிழிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் ஊடுருவிப் போன செல்கள் இருக்கும் விளிம்பில் அது பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். செல்லுக்குள் நுழைந்த பிறகும், விழுங்கப்பட்ட பையிலிருந்து வெளியே வராமலேயே பெரும்பகுதி அழிந்துபோகிறது.

மேலே சொன்ன மிர்-34ஏ-தான் புற்றுநோய்க்காக மனிதர்களிடம் முதலில் சோதிக்கப்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ மருந்து. மூளைக் கட்டிக்காக அல்ல. கல்லீரல் புற்றை முன்னிறுத்தி, வேறு சில புற்றுகளையும் சேர்த்து நடந்த சோதனை. டெக்சாஸின் மிர்னா தெரப்யூட்டிக்ஸ் என்ற நிறுவனம் எம்.ஆர்.எக்ஸ்-34 என்ற பெயரில், கொழுப்புக் குமிழில் அடைத்து, 2013-இல் தொடங்கியது. 85 பேர் பங்கேற்றார்கள். மூவருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. ஆனால் உடலின் எதிர்ப்பாற்றல் கட்டுமீறிக் கிளம்பியதால் நால்வர் இறந்தார்கள். 2016-இல் சோதனை நிறுத்தப்பட்டது. ஆய்வகத் தட்டிலும் எலியிலும் இவ்வளவு சாதுவாக நடந்துகொண்ட மூலக்கூறு மனித உடலில் ஏன் அப்படி ஆனது என்ற கேள்வி துறை முழுவதையும் நிதானிக்க வைத்தது. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ நூற்றுக்கணக்கான இலக்குகளைத் தொடும் என்பது கட்டியின் முன் பலம். அதே மூலக்கூறு கல்லீரலிலும் எதிர்ப்புச் செல்களிலும் போய் இறங்கினால் அது பலவீனம். குமிழின் கொழுப்பும் ஒரு பங்கு வகித்திருக்கலாம்.

அதன் பிறகு வந்த முயற்சிகளில் இரண்டைச் சொல்லலாம். பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனைக் குழு 2019-இல் மிர்-124, மிர்-128, மிர்-137 மூன்றையும் ஒரே செயற்கை மரபணுவில் வரிசையாகப் பின்னியது. நரம்பணு முதிரும்போது மூன்றும் சேர்ந்தே எழுபவை, கட்டியில் சேர்ந்தே வீழ்பவை. தனித்தனியாகக் கொடுப்பதைவிடச் சேர்த்துக் கொடுத்தபோது விளைவு பெரிதாக இருந்தது. கீமோதெரபியும் சேர்ந்தபோது எலிகளின் ஆயுள் பல மடங்கு நீண்டது. மரபணுவைப் பெற்ற செல் இந்த மூன்றையும் நுண்குமிழிகளில் அடைத்துப் பக்கத்துச் செல்லுக்கும் அனுப்பியது. எல்லாச் செல்லுக்கும் மருந்து எட்ட வேண்டியதில்லை என்ற சாத்தியத்தை அது திறந்தது. எலிதான், மனிதன் அல்ல என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

மற்றொன்று மைக்ரோ ஆர்.என்.ஏ அல்ல, அதன் நெருங்கிய உறவான குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு அதைத் தங்க நுண்துகளின் மேல் பதித்து, மீண்டும் வந்த கிளையோபிளாஸ்டோமா உள்ள எட்டுப் பேருக்கு ரத்தத்தில் செலுத்தியது. அதன் பின் நடந்த அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டித் திசுவில் தங்கம் இருந்தது. இலக்குப் புரதமும் குறைந்திருந்தது. 2021-இல் வெளியான இந்த ஆய்வு யாரையும் குணப்படுத்தியதாகச் சொல்லவில்லை. சேர்கிறதா என்று மட்டும் கேட்டது. சேர்கிறது என்று பதில் வந்தது. பரபரப்பான எலி முடிவுகளைவிட இந்த அடக்கமான எட்டுப் பேர் ஆய்வை நான் அதிகம் மதிக்கிறேன்.

சிகிச்சை இப்படி நத்தையாக நகர்ந்தாலும், நோயைக் கண்டறிவதில் மைக்ரோ ஆர்.என்.ஏ ஏற்கெனவே வேலைக்கு வந்துவிட்டது. கட்டிகள் நுண்குமிழிகளில் மிர்-21 போன்றவற்றை மூளைத் தண்டுவட நீரிலும் ரத்தத்திலும் கசியவிடுகின்றன. அதை அளந்து கட்டியைக் கண்காணிக்கலாமா என்ற ஆய்வுகள் பல நடக்கின்றன. வழக்கமான பரிசோதனையாக இன்னும் மாறவில்லை. ஆனால் ஒரு கட்டியின் பெயரிலேயே மைக்ரோ ஆர்.என்.ஏ ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மிகச் சிறிய குழந்தைகளுக்கு, பெரும்பாலும் நான்கு வயதுக்குள், அரிதாக வரும் ஈ.டி.எம்.ஆர் என்ற மூளைக் கட்டி அது. மிகக் கொடியது. 19-ஆம் குரோமோசோமில் சி-19-எம்.சி என்ற இடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் வரிசையாக இருக்கின்றன. குரங்கினத்திலும் மனிதரிலும் மட்டுமே உள்ள இந்தத் தொகுப்பு இயல்பாக நஞ்சுக்கொடித் திசுவில் இயங்குவது. பிறந்த பிறகு மூளையில் அதற்கு வேலை இல்லை. இந்தக் கட்டியில் அந்தப் பகுதி பல மடங்கு பெருகியோ, வேறு மரபணுவோடு ஒட்டிக்கொண்டோ முழு வேகத்தில் இயங்கும். 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் மூளைக் கட்டி வகைப்பாடு, "சி-19-எம்.சி மாற்றம் கொண்டது" என்பதைக் கட்டியின் பெயரிலேயே சேர்த்தது. நோயியல் ஆய்வகங்கள் இந்தக் கட்டியைச் சந்தேகிக்கும்போது லின்-28ஏ என்ற புரதத்துக்கும் சாயமிட்டுப் பார்க்கின்றன. வளர்ச்சியை அடக்கும் லெட்-7 முதிர விடாமல் தடுக்கும் புரதம் அது. அதுவும் ஆம்ப்ரோஸ் குழுவினர் அதே உருளைப்புழுவில் ஆராய்ந்த ஒன்றுதான்.

சி-19-எம்.சி மாற்றம் இல்லாத ஈ.டி.எம்.ஆர் கட்டிகளும் உண்டு. அவற்றில் சிலவற்றில் பழுதாகியிருப்பது டைசர் நொதிக்கான மரபணு; 2021-இன் வகைப்பாடு இதைத் தனி உள்வகையாகவே குறிக்கிறது. டைசர் பழுது பெற்றோரிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அப்படி வந்திருந்தால் அதே குடும்பத்தில் குழந்தைகளின் நுரையீரல் கட்டி, தைராய்டு முடிச்சுகள், சினைப்பைக் கட்டி, பினியல் சுரப்பிக் கட்டி ஆகியவையும் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் இந்த வகைக் கட்டி உறுதியானால் குழந்தையின் ரத்தத்திலும் டைசர் மரபணுவைச் சோதிக்கிறார்கள். பழுது அங்கேயும் இருந்தால் மரபியல் ஆலோசனைக்குப் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அழைக்கப்படுகிறார்கள். பழுது இருப்பது தெரிந்த சின்னக் குழந்தைக்கு நுரையீரல் படம் எடுத்துப் பார்ப்பது அந்தக் கண்காணிப்பில் முதல் வேலை.